நானே சொல்லி முடிக்கிறேன்

காட்டுமன்னார்கோயில்
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செம்பியன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், மிக்சி நால்வரும் நலம். மிக்சிக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. நீ அங்கே நலமா? நர்சிங் ஹாஸ்டலில் செல்போனைப் பிடுங்கி வைப்பது உனக்குத் தண்டனை, எனக்கு வரம். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் நீ கூப்பிட்டால், 'ஹ... ஹ...' என்று ஹலோவுக்குள்ளேயே உன் நேரத்தை நான் தின்றுவிடுவேன். திக்குவாய்க்காரனுக்குத் தபால்தான் தோது. பேனா திக்குவதில்லை, மை தீர்ந்தால்தான் நிற்கும்.

கல்லூரி திறந்துவிட்டது. முதல் நாளே சிதம்பரத்தில் எனக்குப் பெயர் மாற்று விழா நடந்தது. ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து "செ... செ..." என்றேன். பக்கத்து பெஞ்சுக்காரன் இரக்கப்பட்டு "செந்திலா?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. தலையாட்டிவிட்டேன். வருகைப் பதிவுக்கும் நம்பரைத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் இப்போது நான் செந்தில். நீ இருந்திருந்தால் நான் 'செ' என்பதற்குள் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் சொல்லி முடித்திருப்பாய். நம் குறும்புகளில் எப்போதும் திட்டம் என்னுடையது, வாய் உன்னுடையது. கணக்கு வாத்தியாருக்கு போன் போட்டு, "சார், ஒங்க மாடி தண்ணி டேங்க் ஆடுது, நாங்க வர்ற வரைக்கும் போயி புடிச்சிக்குங்க" என்று நான் எழுதிக் கொடுத்ததைச் சிரிக்காமல் சொன்னவள் நீ. பாவம், மனிதர் போய்ப் பிடித்தாராம்.

வெள்ளிக்கிழமை எல்லா மன்றங்களும் மைதானத்தில் மேசை போட்டு ஆள் பிடித்தன. நான் ஒரு மேசையையும் விடாமல் பெயர் எழுதிவிட்டு வந்தேன். இனி மன்றம் மன்றமாக மன்றாட வேண்டியதுதான். ஏன் தெரியுமா? இந்த வருஷம் முடிவதற்குள் ஒரே ஒரு கதையை, நாலு பேர் முன்னால், நீ இல்லாமல், நானே வாயைத் திறந்து சொல்லி முடிக்க வேண்டும். முடிவு வரைக்கும். சிரிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊசி போடும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

உன் தம்பி
செம்பியன் (வகுப்பில் செந்தில்)


கடலூர்
15.8.2025

அன்புள்ள தம்பி செம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கால் மட்டும் சாயங்காலமானால் வீங்குகிறது. அம்மாவின் முட்டி வலி எப்படி? தைலம் தேய்த்துவிடுகிறாயா, இல்லை தைலத்தைப் பார்த்துக் கவிதை எழுதுகிறாயா?

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மேடம் முழுவதையும் உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்கிறார். வார்டு பூராவும் விரித்துவிட்டு வந்து என் கட்டிலில் விரிப்பே இல்லாமல் விழுகிறேன்.

ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். இங்கே இரண்டாம் வருஷம் வந்தும் 'அந்த ஒசரமான பொண்ணு'தான். நீ எழுதிக் கொடுக்காமல் எனக்குப் பேச எதுவும் வருவதில்லை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. உன் கடிதத்தை அறைத் தோழி வெண்மதிக்கு வாசித்துக் காட்டினேன். செந்தில் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நிறைய எழுது.

உன் வகுப்பு மேடத்தின் நம்பரை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் பேசிப் பெயரைச் சரி செய்துவிடுகிறேன்.

அன்புடன்
அக்கா இலக்கியா


காட்டுமன்னார்கோயில்
8.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்தாயிற்று. அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கி நான் அழுததும் ஆயிற்று. உன் கால் வீக்கம் எப்படி?

நம்பர் கிடையாது. என் பெயரை நானே மீட்டுக்கொள்கிறேன்.

முதலில் நாட்டு நலப் பணித் திட்டம். திட்டம் அவர்களுடையது, திட்டு எங்களுடையது. ஒரு குளத்தங்கரையில் நாள் முழுக்கச் செடி பிடுங்கினோம். எனக்குப் பிடித்த வேலை, பேச வேண்டியதில்லை. சாயங்காலம் பார்த்தால் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, "அனுபவத்தச் சொல்லுங்க" என்றார்கள். என் முறை வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். வட்டம் கலையும் வரைக்கும் குடித்தேன். குளத்தைவிட என் வயிற்றில் தண்ணீர் அதிகம்.

அடுத்தது வினாடி வினா மன்றம். வினா எல்லாம் எனக்கு சுலபம், வினாடிதான் பத்தவில்லை. நம்பினால் நம்பு, வீராணம் ஏரியின் பழைய பெயர் என்ன என்று கேட்டார்கள். அந்த ஏரித் தண்ணீரில் வளர்ந்தவன் நான். மணியை முதலில் அடித்தவனும் நான்தான். "வீ... வீ... வீ..." என்று நின்றேன். நேரம் முடிந்தது. நாமக்கல்காரன் ஒருவன் "வீரநாராயணன் ஏரி" என்று நோகாமல் சொல்லி மதிப்பெண் வாங்கிக்கொண்டான். நம் ஊர் ஏரிக்கு என்னால் சாட்சி சொல்ல முடியவில்லை. விடை தெரிந்தும் விடைபெற்றுக்கொண்டேன்.

தூக்கம் வருகிறது. தினமும் நாலு மணிக்கு ஒரு மன்றம், அப்புறம் நின்றுகொண்டே பஸ்.

உன் தம்பி
இன்னமும் செந்தில்


கடலூர்
22.9.2025

அன்புள்ள செம்பி,

நலம். அங்கும் நலம்தானே? கால் வீக்கம் பழகிவிட்டது.

உன் கடிதத்துக்கு இங்கே கூட்டம் கூடுகிறது. வெண்மதி பக்கத்து அறைக்காரிகளையும் அழைத்து வந்துவிட்டாள். வீராணத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். குரல் மாற்றி வாசித்தேன். மெஸ்ஸில் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தெரியுமா?

வினாடி வினா நடத்தியவர் எப்படிப் பேசுவார்? மூக்காலா? நீ தண்ணீர் குடித்ததை யாராவது பார்த்தார்களா, என்ன சொன்னார்கள்? எல்லாம் எழுது.

உனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்க நினைத்தேன். இருந்திருக்காது. சிரிப்பாகத்தானே எழுதியிருக்கிறாய்.

அன்புடன்
இலக்கியா


காட்டுமன்னார்கோயில்
9.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அப்பாவுக்கு ரைஸ் மில் தூசியில் இருமல், அம்மாவுக்கு அப்பாவின் இருமலில் தலைவலி. நீ எப்படி இருக்கிறாய்?

நாடக மன்றத்தில் எனக்கு வேஷம் கிடைத்துவிட்டது. பிண வேஷம். வசனம் கிடையாது, படுத்தே நடிக்கலாம். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. மூக்கருகே சாமந்தி மாலை போட்டார்கள். அன்பரசு என்கிற இரண்டாம் வருஷ அண்ணன் என் மனைவியாக வேஷம் போட்டு, "என்ன உட்டுட்டுப் போயிட்டியே ராசா" என்று மேலே விழுந்து அழுதார். அந்த நேரம் பார்த்துப் பிணத்துக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, வரிசையாக. மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "நூறு வயசு" என்றாள். ஒத்திகை பாழ்.

நாடகம் போடும் சீனியர் ராஜவேல், "பொணத்துக்குக்கூட வாய மூடத் தெரியலியே, போடா" என்று அனுப்பிவிட்டார். அக்கா, வாயை மூடத் தெரியாதவன் என்று என்னை ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பஸ்ஸில் வரும்போது இல்லை.

வினாடி வினா நடத்தியவரின் குரல் நினைவில்லை. அப்போது நான் அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அலுப்பாக இருக்கிறது. வேறொன்றுமில்லை.

செம்பியன்


கடலூர்
12.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்கும் டூட்டி போட்டுவிட்டார்கள். அம்மா அனுப்பிய அதிரசம் வந்தது, எறும்புக்கும் எனக்கும் சரிபாதி. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கான், சாப்புடறான், படுத்துக்கறான்" என்கிறாள். நல்லாத்தான் இருக்கிறாயா?

பிணக் கதைக்கு இங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு எந்த மன்றத்துக்குப் போனாய்? சீக்கிரம் எழுது, எனக்கு அவசரமாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் அக்கா


காட்டுமன்னார்கோயில்
24.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மழை விடவில்லை. துணி காயாமல் வீடே ஈர நாற்றம்.

எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. போன மாதக் கடைசியில் ஒரு நாள் பஸ் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. எழுதக் கை வரவில்லை, விடு.

இப்போது மேடைக் குழுவில் இருக்கிறேன். டிசம்பரில் கல்லூரிக் கலை விழா, வெளிக் கல்லூரிகளிலிருந்தும் போட்டிக்கு வருவார்கள். நாற்காலி தூக்குவது, ஒயர் சுருட்டுவது, மேடைக்குப் போகிறவர்கள் கையில் மைக் கொடுப்பது. மைக்கைத் தொடுகிறேன், வாயருகே கொண்டுபோக வேண்டியதில்லை. என்னோடு புவனகிரியிலிருந்து வரும் கண்ணாயிரம் என்று ஒருவன். நாற்காலிக்கு ஒரு கடலை மிட்டாய் என்ற கணக்கில் வேலை செய்கிறான். அவனும் செந்தில் என்றுதான் கூப்பிடுகிறான். நாலு பேர் முன்னால் கதை சொல்லும் ஆசையைச் சுருட்டி ஒயரோடு வைத்துவிட்டேன்.

செம்பியன்


கடலூர்
3.12.2025

அன்புள்ள செம்பி,

நலம், நலமறிய ஆவல். தேர்வு நெருக்கம், அதனால் நாலு வரிதான். கலை விழாவில் உனக்கு எந்த நாள் வேலை? மேடைப் பக்கம் ஒரே தூசி, உனக்கு ஆகாது. கேட்டு வாசல் பக்கம் வாங்கிக்கொள். சொன்னால் கேள்.

இலக்கியா


காட்டுமன்னார்கோயில்
15.12.2025

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று தெரியும். நேரிலேயே பார்த்துவிட்டேனே.

வாசல் வேலை கிடைக்கவில்லை. தனிநபர் நகைச்சுவைப் போட்டிக்கு மைக் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. "அடுத்து கடலூரிலிருந்து இலக்கியா" என்றார்கள். உலகத்தில் எத்தனையோ இலக்கியா என்று நினைத்தபடி மைக்கை நீட்டினேன். வாங்கியது உன் கை. "டேய், அப்பறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாய்.

திட்டம், திட்டு என்றாய். சிரித்தார்கள். குளத்தைவிட வயிற்றில் தண்ணீர் என்றாய். சிரித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், திரைக்குப் பின்னால் அதுவரை நான் தரையில் நிற்கவில்லை. என் வரிக்கு ஓர் அரங்கமே சிரிக்கிறது. அதற்கப்புறம் நீ, "இவ்ளோ கூத்தும் பண்ண என் தம்பி பேரு செ... செ... செ..." என்று வாயைக் கோணிக் காட்டினாய். பிணம் தும்மியதற்கு வந்த சிரிப்பைவிட அதற்கு வந்த சிரிப்புதான் பெரியது.

பக்கத்தில் நின்ற கண்ணாயிரம் மேடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

உனக்கு முதல் பரிசு என்று மறுநாள் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். எனக்கு எழுத எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

செம்பியன்


கடலூர்
18.12.2025

அன்புள்ள செம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இறங்கியதும் உன்னைத் தேடினேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், "அவன் பஸ் ஏறிட்டான்" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

வீட்டில் எத்தனையோ தடவை உன்னைப்போலப் பேசிக் காட்டியிருக்கிறேன். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். மேடையில் அது தானாக வந்துவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தானாக வரவில்லை. வெண்மதி முன்னால் ஒத்திகை பார்த்தபோதே அந்த இடத்தில்தான் அதிகம் சிரிப்பு வந்தது. அதனால் வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது.

இங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை, செம்பி. பார்க்க ஆரம்பித்ததும் புத்தி கெட்டுவிட்டது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


கடலூர்
1.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அம்மா, அப்பா, நீ நலமாக இருக்க வேண்டும்.

நேற்று ஹாஸ்டல் விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். "அதெல்லாம் என் தம்பி எழுதுனது, என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

பொங்கலுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். வரட்டுமா, வேண்டாமா?

இலக்கியா


காட்டுமன்னார்கோயில்
8.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பா இருமல் குறைந்துவிட்டது. மிக்சி காலமானது, புதிது வாங்கியாயிற்று. உன் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைக்கச் சொல்லி அம்மா சொன்னாள். நர்சுக்கே வைத்தியம்.

நேற்று தமிழ் மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் மேடையேறி மூன்று நிமிடம் பேசலாம், மணி அடித்தால் இறங்க வேண்டும். சீட்டில் செம்பியன் என்று எழுதிக் கொடுத்தேன். பெயரைப் படித்ததும் என் வகுப்பே, "யாருடா அது செம்பியன்?" என்று திரும்பிப் பார்த்தது. செந்தில் எழுந்து போனான்.

உனக்கு எழுதாத கதையைச் சொல்லலாம் என்று போனேன். உன்னிடம் இல்லாத கதை அது ஒன்றுதான்.

அக்டோபர் கடைசியில் நடந்தது. அன்றைக்கு பஸ் பாஸை மறந்துவிட்டேன். கண்டக்டர் "எங்க?" என்றார். "சி... சி..." என்கிறேன், சிதம்பரம் வரவில்லை. "தம்பி, கூட்டமா கெடக்கு, சீக்கிரம்" என்றார். எனக்கு 'க' சில நாள் வரும். "கடைசி ஸ்டாப்" என்று சொல்லிவிட்டேன். அவர் கடலூருக்குக் கிழித்துக் கொடுத்தார். அது கடலூர் வண்டி.

இந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. அவ்வளவு தூரம் வரவே எனக்கு மூன்று நிமிடம் ஆகிவிட்டது. கைதட்டினார்கள். பரிதாபக் கைதட்டல் எப்படி இருக்கும் தெரியுமா? ஈரத் துணியை உதறுவதுபோல் இருக்கும். இறங்கி வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கண்ணாயிரம் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தான்.

"டேய், கடைசி ஸ்டாப்புன்ன. அப்பறம் எங்கதான்டா எறங்குன?"

சொன்னேன். சிதம்பரம் வந்தபோது இறங்கியிருக்கலாம். டிக்கெட் எடுத்தாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கடலூரில் இறங்கி உன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தேன். வாட்ச்மேன், "யாரப் பாக்கணும் தம்பி?" என்றார். "இ... இ..." என்றேன். நல்ல மனிதர், உதவப் பார்த்தார். "இந்திராவா? இன்பவல்லியா? இந்துமதியா?" என்று அடுக்கினார். உன் பெயர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. இந்துமதிக்குத் தலையாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி இந்துமதி என்று ஒரு அக்கா வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணே, யாருண்ணே இது?" என்றாள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். மூன்று மாடி ஏறினால் நீ இருந்திருப்பாய்.

இதைச் சொல்லும்போது நடுவில் புவனகிரி பஸ் வந்தது. கண்ணாயிரம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏறவில்லை. நான் நின்ற இடத்திலெல்லாம் அவனும் நின்றான். ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். இந்துமதி வருவதற்குள் இன்னொரு புவனகிரி பஸ்ஸும் போய்விட்டது. அவள் எண்ணெய்க் கையோடு வந்து நின்ற இடத்தில் கடலை புரைக்கேறிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காடா ரெண்டு பஸ்ஸ வுட்டேன்? பேர எழுதிக் காட்ட வேண்டியதுதான?" என்றான்.

"பே... பேனா இல்ல."

"காலேஜு படிக்கறானாம், பேனா இல்லியாம். போடா செம்பியா."

நாலு பேர் முன்னால் என்று உனக்கு எழுதியிருந்தேன். கிடைத்தது ஒரு ஆள், ஒரு பொட்டலம் கடலை. ஆனால் முடித்துவிட்டேன், அக்கா.

உன்மேல் கோபம் முழுதாகப் போகவில்லை. போகும்போது சொல்கிறேன். நீ மேடை ஏற வேண்டுமென்றால் ஏறு. எழுதிக் கேள், எழுதித் தருகிறேன். என் திக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வா. பஸ் கதையை உனக்கும் வாயால் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தில் படித்துவிட்டதால் முடிவு உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சும்மா உட்கார்.

உன் தம்பி
செம்பியன்